பேரங்காடியும் பேருந்தும்

அங்காடி என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்து நாளங்காடியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மதுரை மாநகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. வகுப்பில் இப்பகுதிகளை நடத்தும்போது அங்கு விற்ற பண்டங்களின் பெயர்களைச் சொல்லிப் பொருள் கூறிவிட்டு நாம் மேலே சென்றுவிடுகிறோம். அந்த அங்காடி நகரின் எப்பகுதியில் அமைந்திருந்தது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவோர் மிகச் சிலரே.

புகார் நகரம் இரு பாக்கங்களாகப் பிரிந்து கிடந்தது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்போரும் உப்பு விற்போரும் கைவினைஞரும் அயல்நாட்டாரும் வாழ்ந்தனர். உட்புறத்துப் பட்டினப்பாக்கத்தில் அரசனும் பெருவணிகரும் செல்வரும் வாழ்ந்தனர். இவ்விரு பகுதிகளுக்கும் இடையில், மரங்கள் செறிந்த சோலையில், நாளங்காடி கூடிற்று. உழைப்பாளியின் குடிலிலிருந்தும் நடந்து வரலாம். செல்வரின் மாளிகையிலிருந்தும் நடந்து வரலாம். இடைப்பட்ட அவ்விடத்தைத் தேர்ந்தவன் அறிவுடையவன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் காலத்துப் பேரங்காடி எவ்விடத்தில் எழுந்தது? அங்கே யார் எவ்வாறு சென்று சேர்ந்தனர்? கிள்ளான் பள்ளத்தாக்கில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் எழுந்த பேரங்காடிகளின் வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களின் பரப்பையும் கடைகளின் எண்ணிக்கையையும் எழுதுகின்றனர். அவற்றிற்குச் சென்ற பேருந்துகளின் வரலாற்றை எழுதுவார் இலர். அவ்வரலாற்றின் ஒரு பகுதியையேனும் ஈண்டு எழுதி வைக்க விழைகிறேன். இதில் நம் மக்களுக்கும் பங்குண்டு என்பதைப் போகப் போகக் காணலாம்.

முதற்கண் பேரங்காடி என்னும் அமைப்பு எங்கே பிறந்தது என்பதை அறிதல் வேண்டும். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1903-ஆம் ஆண்டில் பிறந்தவர் விக்டர் குருயன் என்னும் கட்டடக் கலைஞர். யூதராகிய அவர் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தார். போருக்குப் பின் அமெரிக்க நகரத்தார் தத்தம் காரில் ஏறிப் புறநகர்களை நோக்கிப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. வியன்னா நகரத்துச் சதுக்கங்களில் மக்கள் நடந்தும் அமர்ந்தும் உரையாடியும் மகிழ்ந்ததைக் கண்டு வளர்ந்த அவருக்கு அமெரிக்கப் புறநகரின் தனிமை பொறுக்கவில்லை. கூரையின் கீழ் ஒரு நகரச் சதுக்கத்தை அமைத்துத் தரலாம் என்று எண்ணினார். மினியாபொலிஸ் நகருக்கு அடுத்த ஈடைனாவில் 1956-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8-ஆம் நாள் அவர் வரைந்த சவுத்டேல் பேரங்காடி திறக்கப்பட்டது. நாற்புறமும் மூடிக் குளிர் வெப்பத்தைக் கட்டுப்படுத்திய முதற்பெரும் அங்காடி அதுவே. அதைச் சுற்றிலும் வீடுகளும் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் எழ வேண்டும் என்பது குருயனின் திட்டம். எழுந்தவையோ ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட கார்களை நிறுத்தும் வெளிகளே. பேரங்காடியைப் பார்த்துப் படி எடுத்தோர் அவருடைய கூரையை எடுத்துக்கொண்டனர், சதுக்கத்தை விட்டுவிட்டனர். குருயன் 1968-இல் வியன்னாவுக்கே திரும்பினார். பத்தாண்டு கழித்து இலண்டனில் ஆற்றிய உரையொன்றில், தம் பெயரால் எழுந்த இப்பிள்ளைகளுக்குத் தாம் தந்தையல்லர் என்னும் கருத்துப்படக் கடிந்து பேசினார்.

கார் உடையவனுக்கென்றே அமைந்த அங்காடிக்குக் கார் இல்லாதவன் சென்றால் என்ன நேரும் என்பதற்கு அதே நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்றாக உள்ளது. நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்றொரு நகரம். அதை அடுத்த சீக்டோவாகா என்னும் ஊரில் 1989-ஆம் ஆண்டில் வால்டன் கேலரியா என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. பஃபலோவின் கிழக்குப் பகுதியில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்தனர். அங்கிருந்து 6-ஆம் எண் பேருந்து பேரங்காடியின் பக்கமாக ஓடிற்று. ஆனால் அங்காடியின் எல்லைக்குள் நுழைந்து வாயிலருகே நிற்க அதற்கு இடம் கிட்டவில்லை. கனடாவிலிருந்து சுற்றுலாப் பயணியரை ஏற்றிவந்த வாடகைப் பேருந்துகளோ உள்ளே நுழைந்தன. நகரப் பேருந்தில் வந்தவர்கள் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இறங்கி, ஏழு தடங்கள் கொண்ட சாலையைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது.

1995-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் காலை. பேரங்காடியின் உணவுக்கடையொன்றில் வேலை பார்த்த 17 வயதுக் கறுப்பினப் பெண் அப்பேருந்திலிருந்து இறங்கினாள். கைக்குழந்தைக்குத் தாய் அவள். சாலையோரத்தில் பனி குவிந்து கிடந்தது. வண்டிகள் நின்ற நேரம் பார்த்து அவள் கடந்துகொண்டிருந்தபோது, நின்றிருந்த சுமையுந்து ஒன்று நகர்ந்து அவளை நசுக்கிற்று. சில வாரங்களில் அவள் உயிர் நீத்தாள். கிழக்குப் பகுதியினர் வருவதைத் தடுக்கவே பேருந்து வெளியில் நிறுத்தப்பட்டது என்று அவள் குடும்பத்தார் வழக்கிட்டனர். எதிர்த்தரப்பார் அதனை மறுத்தனர். 1999-ஆம் ஆண்டு நவம்பரில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அங்காடி நிறுவனமும் போக்குவரத்து வாரியமும் சுமையுந்து ஓட்டுநரும் ஆக மூன்று தரப்பாரும் சேர்ந்து 25 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் தர இசைந்தனர். 6-ஆம் எண் பேருந்து அதற்கு முன்னரே, அவள் இறந்த சில காலத்திற்குள், அங்காடி வளாகத்தினுள் செல்லத் தொடங்கிவிட்டது.

இந்நிகழ்ச்சியை நான் விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் இனம் பார்த்துப் பேருந்தை நிறுத்திய பேரங்காடி உண்டு என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்றும் இல்லை. ஆனால் பேருந்து நிறுத்தம் எவ்விடத்தில் இருக்கிறது என்பது சிறு செய்தியன்று. யாரை எதிர்பார்த்து அக்கட்டடம் கட்டப்பட்டது என்பதை அந்நிறுத்தத்திற்கும் வாயிலுக்கும் இடையிலுள்ள தொலைவு சொல்லிவிடும். இவ்வளவுகோலை வைத்துக்கொண்டு இனி நம் ஊருக்கு வருவோம்.

நம் பெற்றோர் காலத்தில் தோட்டத்தில் வேலை வாசற்படியிலேயே இருந்தது; அங்காடிதான் தொலைவில் இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக் களத்திற்குப் போகவும் நிரைக்குப் போகவும் எவரும் பேருந்து தேடியதில்லை. தோட்டத்துக் கடையில் கடனுக்குப் பற்றெழுதிச் சாமான் வாங்குவர். சம்பள நாளை ஒட்டித் தோட்டத்து லாரியிலோ, செம்மண் சாலை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடம் வரை நடந்து அங்கே நிற்கும் பேருந்திலோ பட்டணத்திற்குச் செல்வர். தீபாவளித் துணி எடுக்கப் பட்டணம் போன அந்த நாள் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் பேச்சாக இருந்தது. ஆசிரியர் அன்பர்கள் தம் மாணவரிடம், பாட்டியை அமரவைத்து இதைக் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். அவர்கள் எழுதி வருவது எந்த வரலாற்று நூலிலும் கிட்டாது.

கோலாலம்பூரில் நவீன வணிக வளாகம் என்று சொல்லத்தக்க முதற்கட்டடம் அம்பாங் சாலையில் 1973-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அம்பாங் பார்க். 1977-இல் சுங்கை வாங் பிளாசா திறக்கப்பட்டது. இவை நகருக்குள் இருந்தமையால் ஸ்ரீ ஜெயா, லென் செங் முதலிய நிறுவனங்களின் பேருந்துகள் ஓடிய சாலைகளிலேயே அமைந்தன. இவற்றிற்கிடையே 1975-ஆம் ஆண்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. இளஞ்சிவப்பு நிறத்து மினி பஸ்கள் கோலாலம்பூர்ச் சாலைகளில் ஓடத் தொடங்கின. எங்கு ஏறினாலும் எங்கு இறங்கினாலும் ஒரே கட்டணம். புறம்போக்குக் குடியிருப்புகளின் முகப்பு வரை வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போயின. நெரிசலும் முரட்டு ஓட்டமும் அவற்றின் இயல்புகள். கதவருகில் தொங்கிக்கொண்டு போனவர்களுள் நானும் ஒருவன். நாளிதழ்கள் அவற்றை வசைபாடாத நாள் அரிது. ஆயினும் ஏழையின் வீட்டிற்கும் கடைத்தெருவிற்கும் இடையே ஒரு நேர்வழியை அவை உண்டாக்கின என்பதை மறுத்தல் இயலாது.

ஓராண்டு ஈராண்டு இடைவெளியில் தென்புறத்துச் சிங்கப்பூர் வேறு வழியை மேற்கொண்டிருந்தது. அங்கே சிதறிக் கிடந்த பேருந்து நிறுவனங்களை 1971-இல் ஒருங்கிணைத்து, 1973-இல் சிங்கப்பூர்ப் பேருந்துச் சேவை என ஒன்றாக்கினர். இங்கே சிறுமுதலாளிகளுக்குச் சிறு பேருந்துகளை உரிமம் கொடுத்துப் பெருக்கினர். இரண்டும் அன்றைய நெருக்கடிக்கு விடைகளே. ஆனால் நம் மினி பஸ் பயணியர் மிகுந்த சாலையையே நாடிற்று. இனிமேல் எழப்போகும் ஊருக்கு முன்கூட்டியே செல்லும் கடமை அதற்கு இல்லை.

அந்த ஊர்களோ விரைந்து எழுந்தன. பெட்டாலிங் ஜெயா 1950-களில் இரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்த நகரம் என்பது யாவரும் அறிந்ததே. 1970-களின் பிற்பகுதியில் சீபீல்டு தோட்டத்தின் நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. அங்கே 1988-இல் சுபாங் பரேட் திறக்கப்பட்டது. 1990-களில் எஃபிங்காம் தோட்டத்தின் நிலத்தில் பண்டார் உத்தாமா எழுந்தது. அங்கே 1995-இல் ஒன் உத்தாமா திறக்கப்பட்டது. சீபீல்டு, எஃபிங்காம் என்னும் பெயர்களை நம்மவர் எங்கோ கேட்டிருப்பர். இரண்டும் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்கள். தோட்டம் போயிற்று, லயங்கள் போயின, பள்ளியின் பெயர்ப்பலகை ஒன்றே பழைய பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

இக்காலத்திலேயே வேறொரு மாற்றமும் நேர்ந்தது. 1985-ஆம் ஆண்டில் முதல் புரோட்டான் சாகா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. நாட்டுக் கார் வாங்குவதை ஊக்கப்படுத்தும் கொள்கையும் தனியார் கட்டிய சுங்கச் சாலைகளும் கைகோத்துச் சென்றன. 1985-இல் கோலாலம்பூர் வட்டாரத்துப் பயணங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பொதுப் போக்குவரத்தில் நடந்தது. 1997-இல் அது ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிற்று. பன்னிரண்டே ஆண்டுகள்! அப்பன்னிரண்டு ஆண்டுகளில்தான் நம் புறநகர்ப் பேரங்காடிகள் பலவும் திட்டமிடப்பட்டன. அவற்றைக் கட்டியவர்கள் கார் நிறுத்துமிடத்தைக் கணக்கிட்டனர். பேருந்துக்கு ஒரு வளைவு ஒதுக்கினால் போதும் என்றிருந்தனர். கார் வைத்திருப்பவனே வாடிக்கையாளன் என்பது அவர்களுடைய கணக்கு. வாங்க வருபவனைப் பொறுத்தவரை அக்கணக்கில் பெரும்பிழை இல்லை. விற்க வருபவளைப் பற்றி அக்கணக்கில் ஒன்றுமில்லை.

பேரங்காடி என்பது வாங்குமிடம் மட்டுமன்று, அது வேலைத்தலம். ஒரு பெரிய அங்காடியில் விற்பனைப் பெண்கள், காசாளர்கள், துப்புரவுத் தொழிலாளர், காவலர், உணவுக்கடைச் சமையற்காரர் என நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் வந்து போகின்றனர். தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைக்குக் கிட்டிய வேலைகளுள் இவை முதன்மையானவை. அவர்களுள் பெரும்பாலோர்க்கு வண்டி இல்லை. இருந்தால் ஒரு மோட்டார் சைக்கிள். அதுவும் அண்ணனிடமோ தந்தையிடமோ இருக்கும். தோட்டத்தில் பாட்டிக்கு வேலை வாசலில், கடை தொலைவில். தாமானில் பேத்திக்கு வேலையும் தொலைவில், கடையும் தொலைவில். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஆயினும் தான் விற்கும் பொருளை அவள் வாங்குவதில்லை. அவள் வீட்டுக்கு வேண்டியவற்றைத் தாமானுக்கு வாரம் ஒருமுறை லாரியேறி வருகிற இரவுச் சந்தையில் வாங்குகிறாள். பழந்தமிழர் சொன்ன அல்லங்காடி மக்களைத் தேடி வருகிறது. மக்கள் தன்னைத் தேடி வரவேண்டும் என்று நிற்பது பேரங்காடி ஒன்றே.

1990-களின் இறுதியில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி புறநகர்ப் பேரங்காடி ஒன்றில் காலணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இடைநிலைப் பள்ளி முடித்துத் தேர்வு முடிவுக்குக் காத்திருந்த காலம். வேலையை விரும்பியே சேர்ந்தாள். அவளைப் பின்னொரு நாள் கோயில் திருவிழாவில் கண்டபோது வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். சம்பளம் குறைவா என்று கேட்டேன். இல்லை ஐயா, பேருந்துதான் என்றாள். கடை இரவு பத்து மணிக்கு மூடப்படும். கணக்கு முடித்து, காலணிப் பெட்டிகளை அடுக்கி வெளியே வரப் பத்தரை ஆகிவிடும். பேருந்து நிறுத்தம் நெடுஞ்சாலையின் மறுபுறம். நடைபாலம் ஒரு பேருந்து நிறுத்தத்தின் தொலைவுக்கு அப்பால். பாலத்தை ஏறி இறங்கி வந்தால் கடைசிப் பேருந்து போயிருக்கும். சில நாள் அது வந்ததா வரவில்லையா என்பதே தெரியாது. தோழியர் மூவருடன் பங்கிட்டு வாடகைக் கார் எடுத்தாள். அதுவும் கிட்டாத நாளில் தந்தை வேலை முடிந்து வந்த களைப்போடு மோட்டார் சைக்கிளில் வந்து சாலையோரம் காத்திருந்தார். மழை நாளொன்றில் அவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அதன்பின் அவள் போகவில்லை. அந்தப் பேருந்தின் கடைசி நேரத்தை வகுத்தவர் எவரோ, கடை மூடும் நேரத்தைக் கேட்டறிந்திருப்பார். மூடிய கடையிலிருந்து ஆள் எப்போது வெளிவருவார் என்று கேட்டிருக்கமாட்டார்.

மினி பஸ்களின் காலம் 1998-ஆம் ஆண்டில் முடிவுற்றது. பெரும்பேருந்துகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆனால் முந்திய ஆண்டே ஆசியப் பொருளாதார நெருக்கடி தொடங்கியிருந்தது. பேருந்து நிறுவனங்கள் கடனில் மூழ்கின. புதிய தாமான்களுக்குப் புதிய வழித்தடம் அமைக்கும் வலிமை அவற்றிற்கு இல்லை. அடுத்த ஆண்டில் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை ஒன் உத்தாமாவின் பக்கமாகவே ஓடுகிறது. காரில் வருவோர்க்கு அது நல்வரவு. எதிர்ப்புறத்துத் தாமானில் வாழ்பவர்க்கோ, கண்ணெதிரே தெரியும் பேரங்காடி ஆற்றின் அக்கரையாயிற்று.

இரயிலைப் பற்றியும் கூறவேண்டும். கொமுட்டர் மின்சார இரயில் 1995-இலும், முதல் இலகு இரயில் 1996-இலும், இரண்டாம் இலகு இரயில் 1998-இலும் ஓடத் தொடங்கின. இவை ஓடிய பாதைகளும் பேரங்காடிகள் எழுந்த இடங்களும் ஒன்றையொன்று அறியாதவை போலவே இருந்தன. இதற்கு மிட் வேலியைக் காட்டினால் போதும். நகரின் விளிம்பில் 1999-ஆம் ஆண்டு இறுதியில் அப்பெரும் அங்காடி திறக்கப்பட்டது. சிரம்பானுக்குச் செல்லும் இருப்புப்பாதை அதன் பக்கச்சுவரை ஒட்டினாற்போல் ஓடுகிறது. கொமுட்டர் இரயில்கள் நாள்தோறும் அவ்வழியே சென்றன. ஆனால் நிற்கவில்லை, நிற்பதற்கு அங்கே நிலையம் இல்லை. 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் மிட் வேலி நிலையம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் இரயிலில் அமர்ந்திருந்தோர் பேரங்காடியைச் சன்னலில் பார்த்துக்கொண்டே கடந்து சென்றனர்.

இதனைச் சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் வேற்றுமை நன்கு விளங்கும். ஈசூனில் பெருவிரைவு இரயில் வந்தது 1988-இல். நார்த்பாயிண்ட் பேரங்காடி வந்தது 1992-இல். தெம்பனிசில் இரயில் 1989-இல்; பேரங்காடி 1995-இல். உட்லண்ட்சில் இரயில் 1996-இல். காஸ்வே பாயிண்ட் 1998-இல். மூன்றிடத்திலும் முதலில் வீடுகள், பின்னர் இரயில், அதன்பின் பேரங்காடி. தோ பாயோவில் 2002-இல் திறக்கப்பட்ட பேருந்து முனையம் கடைகளுக்கும் இரயில் நிலையத்திற்கும் நடுவே குளிரூட்டிய கூடமாகவே அமைந்தது. அங்கே நிலத்தின் பெரும்பகுதி அரசிடம் இருந்தது. வீடு கட்டுவதும் சாலை போடுவதும் இரயில் விடுவதும் அரசின் கையிலேயே இருந்தன. கார் வாங்க 1990 முதல் உரிமைச் சான்றுக்கு ஏலம் கேட்க வேண்டியிருந்தது. இங்கோ தோட்ட நிலம் தனியாரிடமிருந்து தனியாருக்குச் சென்றது. வாங்கியவர் வீட்டையும் பேரங்காடியையும் தம் விருப்பப்படி கட்டினார். பேருந்து விடுவது வேறொருவர் பொறுப்பு. இரயில் விடுவது இன்னொருவர் பொறுப்பு. சிங்கப்பூரைப் புகழ்ந்து நம்மை இகழ்வது என் நோக்கமன்று. அங்குள்ள மக்கள் விட்டுக்கொடுத்தவற்றை நம் மக்கள் விட்டுக்கொடுத்திருப்பார்களா என்பது ஐயமே. ஆயினும் எது முன், எது பின் என்னும் வரிசை மாறியதால் நேர்ந்த விளைவை நாம் இருபதாண்டு காலம் சுமந்தோம்.

2004-ஆம் ஆண்டில் இரேப்பிட் கே.எல். தோன்றி, தள்ளாடிய இரயில்களையும் பேருந்துகளையும் ஒரே நிருவாகத்தின் கீழ்க் கொணர்ந்தது. 2006-இல் பேருந்து வழித்தடங்கள் புதிதாக வகுக்கப்பட்டன. நகருக்கு நேரே செல்லும் தடங்கள் வேறு, தாமான்களைச் சுற்றி இரயில் நிலையத்தோடு இணைக்கும் தடங்கள் வேறு எனப் பிரித்தனர். பேருந்து மாறிச் செல்வது நம் முதியவர்க்குப் பழக்கமில்லாதது. தொடக்கத்தில் முணுமுணுப்பு மிகுதி. எனினும் தாமானுக்குள் பேருந்து நுழையத் தொடங்கியது இதன்பின்னரே எனலாம்.

அடுத்த பத்தாண்டில் இருப்புப்பாதை பேரங்காடிகளைத் தேடிச் சென்றது. 2015-இல் சன்வேயில் உயர்மட்டப் பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. 5.4 கிலோமீட்டர், ஏழு நிலையங்கள், மின்சாரப் பேருந்துகள். பழைய ஈயச்சுரங்க நிலத்தில் எழுந்த சன்வே பிரமிட் பேரங்காடி திறக்கப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தது இது. கட்டணம் மிகுதி என்னும் குறையும் உடனே எழுந்தது. 2016-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் இலகு இரயில் கிளானா ஜெயாவிலிருந்து புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டபோது சுபாங் ஜெயாவில் கொமுட்டரும் இலகு இரயிலும் சந்தித்தன. அதே ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் எம்.ஆர்.டி. பெருவிரைவு இரயில் சுங்கை பூலோவிலிருந்து செமந்தான் வரை ஓடத் தொடங்கிற்று. 2017 ஜூலையில் காஜாங் வரை முழுமை பெற்றது. 51 கிலோமீட்டர், 31 நிலையங்கள். அவற்றுள் ஒன்று பண்டார் உத்தாமா. அந்நிலையத்திலிருந்து ஒன் உத்தாமாவிற்குள் நடைபாலத்தில் நேரே செல்லலாம். 1995-இல் திறந்த கதவுக்கு 2016-இல் இரயில் வந்து சேர்ந்தது. இருபத்தோராண்டு! அக்கதவு திறந்த ஆண்டில் பிறந்த பிள்ளை படித்து முடித்து அங்கேயே வேலைக்குச் சேரும் அகவையை எட்டியிருந்தது.

பேரங்காடிக்காக இரயில் காத்திருந்த கதைகளுக்கிடையே, இரயிலுக்காகப் பேரங்காடியே அழிந்த கதையும் உண்டு. நாட்டின் முன்னோடியாகிய அம்பாங் பார்க் இரண்டாம் எம்.ஆர்.டி. பாதையின் நிலையத்திற்காக 2017-ஆம் ஆண்டின் கடைசி நாளில் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அங்கே கடை வைத்திருந்தோர் நீதிமன்றம் வரை சென்று போராடியும் பயனில்லை. 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நிலையம் திறக்கப்பட்டது.

இரயில் வந்துவிட்டதால் எல்லாம் நிறைவேறிற்று என்று சொல்வதற்கில்லை. இரயில் நிலையத்திற்கும் தாமான் வீட்டிற்கும் இடையிலுள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டரே இப்போது கடினம். அதைக் கடப்பதற்கென்று எம்.ஆர்.டி. நிலையங்களிலிருந்து ஒரு ரிங்கிட் கட்டணத்தில் இணைப்புப் பேருந்துகள் விடப்பட்டன. நெரிசலில் சிக்கி அவை தாமதிக்கும்போது இரயிலில் மிச்சமான நேரம் நிறுத்தத்தில் செலவாகிவிடுகிறது. 2023, 2024-ஆம் ஆண்டுகளில் கைப்பேசியில் அழைத்தால் வந்து ஏற்றிச்செல்லும் சிறு வேன்கள் சில பகுதிகளில் ஓடத் தொடங்கின. அவற்றுள் ஒன்றை முதன்முறை கண்டபோது எனக்குப் பழைய மினி பஸ்தான் நினைவுக்கு வந்தது. நிறம் வேறு, தொங்குவதற்கு இடமில்லை, அவ்வளவே.

அண்மையில் ஒரு மாலை பண்டார் உத்தாமா நடைபாலத்தில் சிறிது நேரம் நின்றேன். ஆறு மணி அளவில் அங்காடியை நோக்கிச் செல்வோரே மிகுதி: குழந்தைகளைத் தூக்கிய பெற்றோர், கல்லூரி மாணவர், கைத்தடி ஊன்றிய முதியவர் இருவர். அம்முதியவர்கள் முன்பெல்லாம் மகன் காரெடுத்தால்தான் இங்கே வர முடியும் என்று தமிழில் பேசிக்கொண்டு சென்றது காதில் விழுந்தது. பத்தரை மணிக்கு மீண்டும் அங்கே வந்தேன். இப்போது கூட்டம் எதிர்த்திசையில் வந்தது. கடைப் பைகளைச் சுமந்தோர் சிலரே. கழுத்தில் பெயரட்டை தொங்க, சீருடையின்மேல் குளிர்ச்சட்டை அணிந்த பெண்கள் குழுகுழுவாக விரைந்து வந்தனர். சிலர் படியிறங்கி இரயிலுக்குச் சென்றனர். மற்றவர்கள் கீழே இணைப்புப் பேருந்தின் நிறுத்தத்தில் வரிசையாக நின்று, அது வரும் நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தனர்.